பட்டாம்பூச்சி பார்க்கப் போகிறீர்களா? பாதிப் பாடம் போதாது!

"டாக்டர், வர்ற ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைப் பட்டாம்பூச்சிப் பூங்காவுக்குக் கூட்டிக்கிட்டுப் போகலாம்னு இருக்கோம். சின்னவனுக்கு வீசிங் வேற இருக்கு. அந்த இறக்கைத் தூள் மூக்குல போனா இழுப்பு வந்துடுமா? கண்ணுல பட்டா பார்வையே போயிடும்னு எங்க மாமியார் சொல்றாங்க. போகலாமா, வேண்டாமா?"

மருந்து வாங்க வந்த ஒரு தாய், கிளம்பும் நேரத்தில் கதவருகே நின்றுகொண்டு கேட்ட கேள்வி இது. "தாராளமாகப் போங்கம்மா" என்று இரண்டே வார்த்தையில் சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரை உட்காரச் சொல்லி அரைமணி நேரம் பேசினேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. என் வீட்டிலேயே நடந்த விஷயம். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்தத் தாய்க்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

எங்கே போகலாம்?

திருச்சிக்காரர்களுக்குக் கவலையில்லை. ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், மேலணைக் காப்புக்காட்டில் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015 நவம்பரில் திறந்தார்கள். இருபத்தைந்து ஏக்கருக்குக் குறையாத இடம். திறந்தவெளித் தோட்டம் ஒரு பக்கம், தட்பவெப்பத்தைக் கட்டுப்படுத்தி அமைத்த உட்புறக் கூடம் ஒரு பக்கம், முட்டையிலிருந்து வளர்த்தெடுக்கும் ஆய்வுக்கூடம் ஒரு பக்கம். நட்சத்திர வனம், ராசி வனம் என்று மரங்களை வகை வகையாக வைத்திருப்பது என்னைப் போன்ற மூலிகைக்காரர்களுக்குக் கூடுதல் விருந்து.

பெங்களூரு பக்கம் போகிறவர்கள் பன்னேர்கட்டாவில் 2006-ல் திறந்த பூங்காவைப் பார்க்கலாம். அங்கே குவிமாடம் போட்ட கூடத்துக்குள் பட்டாம்பூச்சிகள் பறக்கும். மலேசியாவில் உறவினர் இருந்தால் பினாங்கில் 1986 முதல் இருக்கும் பண்ணை. சிங்கப்பூர் வழியாகப் போனால் சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்திலேயே ஒரு தோட்டம். எங்கே போனாலும் நான் சொல்லப்போகும் விஷயங்கள் ஒன்றுதான்.

கூடத்துக்குள் ஏன் அப்படிப் புழுங்குகிறது?

உள்ளே நுழைந்ததும் குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வி, "ஏம்ப்பா இங்க இவ்வளவு புழுக்கமா இருக்கு?" என்பதாகத்தான் இருக்கும். பதிலைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு உடம்புச் சூடு உள்ளேயிருந்து வருகிறது. மார்கழிக் குளிரிலும் 37 டிகிரி செல்சியஸ் அளவை உடம்பு தானே காத்துக்கொள்கிறது. பட்டாம்பூச்சிக்கு அந்த வசதி கிடையாது. வெயிலில் இறக்கையை விரித்து உட்கார்ந்து சூடேற்றிக்கொள்ள வேண்டும். இறக்கையை அசைக்கும் தசைகள் ஏறக்குறைய 30 டிகிரிக்குச் சூடானால்தான் அது நன்றாகப் பறக்கும். அதனால்தான் மழைமூட்டமான நாளில் போனால், "என்ன சார், ஒண்ணுகூடப் பறக்கலையே!" என்று ஏமாந்து திரும்ப வேண்டியிருக்கிறது. உட்புறக் கூடத்தை வெதுவெதுப்பாக வைப்பதும் இதற்காகத்தான். செடிகள் வாடாமல் இருக்கவும், கூட்டிலிருந்து வெளிவரும் பூச்சியின் இறக்கை சுருங்கிப்போகாமல் விரியவும் காற்றில் ஈரமும் வேண்டும்.

பூச்சிக்கு இதமாக இருக்கும் அந்தச் சூடும் ஈரமும் குழந்தைக்குச் சிரமம். நமக்கு வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஈரக் காற்றில் வியர்வை ஆவியாகாது, வழிந்துகொண்டே இருக்கும். சின்னக் குழந்தைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடாகிவிடுவார்கள். "தாகமா இருக்கு" என்று விளையாட்டு மும்முரத்தில் சொல்லவும் மாட்டார்கள்.

ஆகவே, ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உள்ளே நிற்காதீர்கள். இருபது நிமிடம், மிஞ்சினால் அரைமணி நேரம். பிறகு வெளியே வந்து நிழலில் உட்கார்ந்து தண்ணீர், நீர்மோர், பானகம் ஏதாவது கொடுங்கள். முகம் சிவந்து, தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று குழந்தை சொன்னால் அதோடு போதும். காற்றோட்டமான நிழலில் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் கழுத்து, அக்குள் எல்லாம் துடைத்துவிடுங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, குழந்தை குழம்பிப் பேசினாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கையில் வந்து உட்கார்ந்தால் அதிர்ஷ்டமா?

சில பட்டாம்பூச்சிகள் குழந்தையின் கையிலேயே வந்து உட்காரும். "பாரு, உன்னைப் பிடிச்சிருக்கு அதுக்கு!" என்று சொல்லி மகிழ்கிறோம். அதற்குப் பிடித்தது குழந்தையின் வியர்வை!

பூவிலிருக்கும் தேனில் சர்க்கரை இருக்கிறது, உப்பு போதுமான அளவு இல்லை. ஆற்றோர ஈரமண்ணில் கூட்டம் கூட்டமாகப் பட்டாம்பூச்சிகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சேற்றிலிருந்து உப்பை உறிஞ்சத்தான் அந்தக் கூட்டம். அதில் பெரும்பாலும் ஆண் பூச்சிகள். சேர்க்கையின்போது அந்த உப்பில் ஒரு பகுதியைப் பெண்ணுக்குக் கொடுக்கிறது. முட்டைக்கு அது உதவுகிறது. நம் கையில் உட்கார்ந்து, சுருட்டி வைத்திருக்கும் உறிஞ்சுகுழலை நீட்டித் தடவும்போதும் அதே வேலைதான் நடக்கிறது.

குழந்தைக்கு இதைச் சொல்லுங்கள். "உன் வேர்வையில உப்பு போகுது. அதான் வெயில்ல விளையாடிட்டு வந்தா மோர்ல உப்புப் போட்டுத் தர்றேன்" என்று சேர்த்துச் சொன்னால், தினமும் 'வேண்டாம், வேண்டாம்' என்று தள்ளிவிடும் மோரை ஒருநாளாவது கேட்டு வாங்கிக் குடிக்கும்!

கையில் உட்கார்ந்ததைப் பிடிக்கக் கூடாது, உதறவும் கூடாது. அசையாமல் நின்றால் தானே பறந்துவிடும். ஓடுகிற குழந்தைமேல் பட்டாம்பூச்சி உட்காராது. இரண்டு நிமிடம் சும்மா நிற்கத் தெரியாத பிள்ளைகள்கூட, அது வந்து உட்காரட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். நாம் அதட்டிச் சொல்லி வராத பொறுமை அது.

இறக்கைத் தூள் விஷமா?

விஷமில்லை. மாமியார் சொல்வதுபோல் பார்வை போகாது. அந்தத் தூள் உண்மையில் தூளே அல்ல. கூரையில் ஓடு வேய்ந்ததுபோல் இறக்கைமேல் வரிசையாக அடுக்கியிருக்கும் நுண்ணிய செதில்கள். அவற்றால்தான் இறக்கைக்கு நிறம். விரலால் பிடித்தால் செதில் உதிரும். உதிர்ந்தது மறுபடி முளைக்காது. "தொடாதே, உனக்கு ஆபத்து" என்று பொய் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். "தொடாதே, அதுக்கு ஆபத்து" என்று உண்மையைச் சொல்லுங்கள். குழந்தைகள் இரண்டாவதைத்தான் நன்றாகக் கேட்கிறார்கள்.

செதில் கண்ணில் விழுந்தால் தூசி விழுந்ததுபோல் உறுத்தும். கசக்காமல் சுத்தமான தண்ணீரில் கழுவினால் போதும்.

வீசிங் உள்ள குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். பூச்சிகளை வளர்க்கும் இடங்களில் நாள்தோறும் வேலை செய்பவர்களில் சிலருக்கு இந்தச் செதில்களால் தும்மல், மூச்சிளைப்பு வருவதுண்டு. அரைமணி நேரம் பார்த்துவிட்டு வரும் குழந்தைக்கு அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் ஏ.ஸி. காரிலிருந்து இறங்கி நேரே புழுக்கமான கூடத்துக்குள் நுழையும் திடீர் மாற்றமும், பூ மகரந்தமும், ஓட்டமும் சேர்ந்தால் சில பிள்ளைகளுக்கு மூச்சு இறுகலாம். முதலில் வெளித் தோட்டத்தில் பத்து நிமிடம் நடந்துவிட்டுப் பிறகு உள்ளே போங்கள். அந்த வாரம் சளி, இருமல் இருந்தால் அடுத்த வாரம் போகலாம். பட்டாம்பூச்சி எங்கேயும் ஓடிவிடாது.

இன்னொன்று. டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரைக் கட்டாயம் பையில் வைத்துக்கொள்ளுங்கள். "நாங்க சித்த மருந்து சாப்பிடறோம், அதனால இன்ஹேலரை வீட்லயே வச்சுட்டு வந்துட்டோம்" என்று சொல்பவர்களை நான் பார்க்கிறேன். ஆடாதோடைக் கஷாயமும் தாளிசாதியும் நான் கொடுக்கிற மருந்துகள்தான். ஆனால் இழுப்பு வந்த அந்த நிமிடத்தில் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்க முடியாது. அந்த நேரத்துக்கு உரியது அதுதான்.

புழு படித்த குணபாடம்

சித்த மருத்துவக் கல்லூரியில் 'குணபாடம்' என்று ஒரு பாடம் உண்டு. எந்த மூலிகைக்கு என்ன சுவை, என்ன வீரியம், எதைத் தீர்க்கும் என்று படிப்போம். பட்டாம்பூச்சித் தோட்டத்துக்குள் போனால் எனக்கு அந்த வகுப்பறைதான் ஞாபகம் வரும். ஏனென்றால் அங்கே நட்டிருப்பதில் பாதி, நம் மருந்துச் செடிகள்!

பட்டாம்பூச்சிக்குத் தேன் தரும் செடி வேறு, அதன் புழு தின்னும் செடி வேறு. தேனுக்கு வெட்சி, உன்னிச்செடி என்று எத்தனையோ பூக்கள் சரிப்படும். புழுவோ கறாரான ஆசாமி. தாய்ப்பூச்சி முன்னங்காலால் இலையைத் தட்டித் தட்டிச் சுவை பார்க்கும். ஆமாம், அதற்குக் காலில்தான் நாக்கு! சரியான இலை என்று தெரிந்தால்தான் முட்டையிடும்.

கறிவேப்பிலை அழகி என்ற கறுப்புப் பட்டாம்பூச்சிக்குக் கறிவேப்பிலை, எலுமிச்சை வகைச் செடிகள். எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சை, நாரத்தை, வில்வம். மஞ்சள் கலந்த வெள்ளை வகை ஒன்றுக்குச் சரக்கொன்றை. காவி நிறத்தில் கறுப்பு ஓரம் வைத்த வெந்தய வரியனுக்கு எருக்கு. சிவப்பு உடம்பும் கரிய இறக்கையும் உள்ள வகைகளுக்கு ஆடுதீண்டாப்பாளை. 2019-ல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனின் புழு தின்பது நீரடிமுத்து மர இலையை. அந்த நீரடிமுத்து எண்ணெய் தொழுநோய்க்குப் பல தலைமுறைகளாகப் பயன்பட்ட மருந்து.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எருக்கில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. வெந்தய வரியனின் புழு, இலையின் நடு நரம்பை முதலில் கடித்துப் பாலை வடியவிட்டுவிட்டு, பிறகு நிதானமாகத் தின்னும். தின்றபோது உள்ளே வரும் நஞ்சைத் தன் உடம்பிலேயே சேமித்து வைத்துக்கொள்ளும். வளர்ந்து இறக்கை முளைத்த பிறகும் அந்த நஞ்சு இருக்கும். ஒரு தடவை அதைக் கொத்திய குருவி கசப்பிலும் குமட்டலிலும் பட்ட பாட்டை மறக்காது. அப்புறம் அந்த நிறத்தைப் பார்த்தாலே ஒதுங்கிவிடும். வெந்தய வரியன் அவசரமில்லாமல் மெதுவாகப் பறப்பதன் ரகசியம் இதுதான்.

இந்தக் கதையை ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை என் ஆறு வயதுப் பேத்திக்குச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். ஆனால் பாதிதான் சொன்னேன்.

என் வீட்டில் நடந்தது

பூங்காவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, வழியில் வண்டியை நிறுத்தியிருந்தோம். சாலையோரத்தில் எருக்கஞ்செடி புதராக நின்றது. "தாத்தா, உங்க புழு இதுலயும் இருக்குமா?" என்று கேட்டாள். "இருக்கும், தேடிப் பாரு" என்றேன். மாப்பிள்ளையோடு பேசிக்கொண்டே நின்றுவிட்டேன்.

புழுவைத் தேடியவள், எருக்கம் மொட்டுகளை 'டப் டப்' என்று உடைத்து விளையாட ஆரம்பித்திருக்கிறாள். எந்தக் கிராமத்துக் குழந்தையும் விளையாடும் விளையாட்டுதான். விரலில் பால் ஒட்டியது. வியர்வையைத் துடைக்கக் கண்ணைத் தேய்த்தாள். "தாத்தா, லேசா எரியுது" என்றாள்.

அரை பாட்டில் தண்ணீரில் கண்ணைக் கழுவிவிட்டேன். ஐந்தே நிமிடத்தில், "இப்ப வலிக்கலை" என்றாள். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. "வலிதான் இல்லையே, வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்கள் எல்லோரும். நானும் சரி என்றேன். முப்பது வருடமாக எருக்கம்பாலின் குணத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் நான்!

இரவு ஏழு மணிக்கு, "தாத்தா, ட்யூப்லைட்டைச் சுத்தி வட்டம் வட்டமா கலர் தெரியுது. உங்க மூஞ்சி புகையா இருக்கு" என்றாள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அன்றிரவே கண் மருத்துவரிடம் ஓடினோம். கருவிழி வீங்கியிருந்தது. "வலி இல்லைன்னு சும்மா இருந்துட்டீங்களா சார்? எருக்கம்பால்ல அதுதான் ஆபத்து" என்றார் அவர். சொட்டு மருந்து போட்டு, அடுத்தடுத்து வரச் சொல்லிப் பார்த்து, பத்து நாளில் பார்வை தெளிந்தது. அந்தப் பத்து நாளும் அவள் என்னைக் குறை சொல்லவில்லை. என் மகளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

எருக்கம்பால் கருவிழிக்குள் ஊடுருவி, அதன் உட்பக்கச் செல்களைத் தாக்குகிறது. கருவிழியை வீங்காமல் தெளிவாக வைத்திருப்பது அந்தச் செல்கள்தான். இழந்தால் அவை திரும்ப வளர்வதில்லை. தொடக்கத்தில் வலி குறைவாக இருப்பதால்தான் பலரும் ஏமாறுகிறோம். விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை கட்டும்போதும் இதே ஆபத்து உண்டு. மாலை கட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் மற்ற வேலை.

ஒருவேளை பால் கண்ணில் பட்டுவிட்டால்:

உடனே ஓடும் சுத்தமான தண்ணீரில், இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் எதுவும் விட வேண்டாம். நந்தியாவட்டைப் பூ கண்ணுக்கு நல்லது என்று நாங்கள் படித்ததுதான். இந்த நேரத்துக்கு அது அல்ல. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். என்ன செடியின் பால் என்பதையும் சொல்லுங்கள்.

ஆடு தீண்டாது, நாமும் தீண்ட வேண்டாம்

இரண்டாவது செடி ஆடுதீண்டாப்பாளை. பேரைப் பாருங்கள். எதையும் மேயும் ஆடே இதைத் தொடாது என்று கவனித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். தோட்டத்தில் இந்த இலையைப் புழுக்கள் மொறுமொறுவென்று தின்பதைப் பார்க்கும் சில பெரியவர்கள், "இது வயித்துப் பூச்சிக்கு நல்ல மூலிகையாச்சே, ரெண்டு இலை பறிச்சுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் படித்தோம்.

ஆனால் இந்தக் குடும்பச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடம்பு இளைக்க என்று இதே குடும்பத்தைச் சேர்ந்த சீன மூலிகை கலந்த மாத்திரைகளைச் சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பிறகு சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. இன்று உலக அளவில் இது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. அதனால் நான் இதை உள்ளுக்கு எழுதித் தருவதில்லை. வீட்டு வைத்தியமாகச் செய்யவும் கூடாது. குழந்தைக்குக் கொடுப்பது பற்றிப் பேச்சே இல்லை. வயிற்றுப் பூச்சிக்குப் பாதுகாப்பான மருந்துகள் எத்தனையோ இருக்கின்றன.

புழுவுக்கு உணவாவது நமக்கு உணவாகாது. ஒரே இலை, தின்பவரைப் பொறுத்து விருந்தாகவும் நஞ்சாகவும் ஆகிறது. என் பேத்திக்கு நான் சொல்லாமல் விட்ட மறுபாதி இதுதான்.

கம்பளிப்பூச்சி வேறு

"புழுவைத் தொட்டால் அரிக்குமா டாக்டர்?" என்று கேட்பீர்கள். பொதுவாகப் பட்டாம்பூச்சியின் புழு அரிக்காது. அரிப்பவை பெரும்பாலும் அந்துப்பூச்சி இனத்துக் கம்பளிப்பூச்சிகள். முருங்கை மரத்தில் மொத்தையாக அப்பிக் கிடக்குமே, அதுபோல. குழந்தைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஆகவே, ரோமம் இருந்தால் கிட்டே போகாதே என்று ஒரே விதியாகச் சொல்லிவிடுங்கள்.

பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் ரோமம் இன்னும் ஆழமாக ஏறும். விபூதி, சுண்ணாம்பு தடவுவதற்கு முன், ஒட்டும் டேப்பையோ பிளாஸ்திரியையோ அந்த இடத்தில் ஒட்டி மெதுவாக உரித்தெடுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் ரோமம் அதோடு வந்துவிடும். பிறகு சோப்பும் தண்ணீரும். குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம். கண்ணில் பட்டாலோ, உதடு, முகம் வீங்கி மூச்சு முட்டினாலோ ஆஸ்பத்திரிதான்.

புறப்படும் முன் கவனியுங்கள்

1. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு, மார்கழி, தை மாதங்கள் நல்ல காலம். சித்திரை, வைகாசி வெயிலில் குழந்தைகளை அலைக்கழிக்க வேண்டாம்.

2. வெயில் ஏறத் தொடங்கும் காலை பத்து மணியிலிருந்து நண்பகல் வரை பூச்சிகள் சுறுசுறுப்பாக இருக்கும். திறக்கும் நேரம், வார விடுமுறை, உட்புறக் கூடம் அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

3. கொசு விரட்டும் களிம்பு, ஸ்பிரே, சென்ட் பூசிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். கொசுவை விரட்டும் மருந்து பட்டாம்பூச்சிக்கும் கெடுதல். அதற்குப் பதில் கை, கால் மூடும் மெல்லிய பருத்தி உடை போடுங்கள்.

4. தரையைப் பார்த்து நடக்கச் சொல்லுங்கள். பூச்சிகள் தரையிலும் உட்காரும். வெளியே வரும்போது ஒருவருக்கொருவர் முதுகையும் பையையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

5. பூச்சிகளுக்காக வைத்திருக்கும் அழுகிய வாழைப்பழம், அன்னாசித் துண்டுகளைக் குழந்தைகள் தொட வேண்டாம். அங்கே தேனீயும் குளவியும் வரும்.

6. வெளியே வந்ததும் முதல் வேலை, சோப்புப் போட்டுக் கை கழுவுவது. பிறகுதான் முறுக்கும் புளியோதரையும்.

வீட்டிலேயே ஒரு பூங்கா

திருச்சிக்கோ பெங்களூருக்கோ போக முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். மொட்டைமாடியில் ஒரு தொட்டிக் கறிவேப்பிலை இருந்தால் போதும். அதில் பறவை எச்சம்போல் ஒரு புழு ஒட்டியிருந்தால், "சீ!" என்று நசுக்கிவிடாதீர்கள். அதுதான் கறிவேப்பிலை அழகியின் இளம்புழு. சில நாளில் பச்சை நிறத்துக்கு மாறும். சீண்டினால் தலையருகிலிருந்து கவட்டை போன்ற கொம்பை நீட்டி ஒரு வாடை விடும். அதனால் நமக்குக் கெடுதல் இல்லை. ரோமமில்லாத சாதுப் பிராணி.

அந்தத் தொட்டிக்கு மட்டும் பூச்சிமருந்து அடிக்காமல் விட்டுவிடுங்கள். ஒரு நோட்டைக் குழந்தையிடம் கொடுத்து, தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். முட்டை பொரிய ஏறத்தாழ 3, 4 நாள். புழுவாக இரண்டு வாரத்துக்கு மேல். கூட்டுக்குள் பத்து நாள் முன்பின்னாக. ஆக, ஒரு மாதத்துப் பாடம். பத்து இலை செலவாகும். ரசத்துக்கு அன்றைக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டுக்கொள்ளுங்கள்!

இன்னொரு லாபமும் இருக்கிறது. வெளி வெளிச்சத்தில் தினமும் நேரம் கழிக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. காலையும் மாலையும் செல்போனை வைத்துவிட்டு மாடிக்கு ஏற ஒரு காரணம் கிடைக்கும்.

கேள்வி கேட்ட அந்தத் தாய் மறுமாதம் வந்தார். போய்விட்டு வந்தார்களாம். சின்னவனுக்கு இழுப்பு வரவில்லை; இன்ஹேலர் பையிலேயே இருந்ததாம். "பெரியவன்தான் டாக்டர், வர்ற வழியில எருக்கஞ்செடியைப் பார்த்துட்டு, 'அம்மா, இதைத் தொட்டா கண்ணைத் தொடக் கூடாதுல்ல?'னு கேட்டான்" என்றார்.

என் பேத்தி இப்போதும் சாலையோர எருக்கில் புழு தேடுகிறாள். நான் தடுப்பதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்க்கிறாள். நானும் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். இந்தத் தடவை வேறு யாரோடும் பேசுவதில்லை.